அகழி வீட்டின் கிணறு

ஐயா, அம்மா,

இதை வாசிக்க அமர்ந்திருப்பவர் எவராயினும் என் வணக்கத்தை ஏற்றுக்கொள்ளுங்கள். நான் எட்டாம் வகுப்பு வரையே பள்ளிக்கூடம் போனவன். மிகுதித் தமிழை வாசிகசாலை மேசைகளிலும், கையில் அகப்பட்ட புத்தகங்களிலும் நானே தேடிப் படித்துக்கொண்டேன். ஆகையால் வசனங்களில் எங்கேனும் ஒழுங்கு பிசகியிருந்தால் பொறுத்தருள வேண்டும். சொல்ல வந்த விடயத்தில் பிசகு இராதபடி பார்த்துக்கொள்வேன். இம்முறையாவது.

ஒரு பழைய வீட்டின் சிறிய மாதிரியை நான் செய்தேன். அதனால் என் மனைவியின் தம்பிக்கு நேர்ந்ததை எழுத வேண்டியிருக்கிறது.

இரண்டாயிரம் பிறந்து சில ஆண்டுகள் கழிந்த காலம் அது. நானும் மனைவியும் கனடாவின் மொன்றியல் நகரில், கோட்-டெ-நெய்ஜ் பகுதியில், ஒரு தொடர்மாடிக் கட்டடத்தின் மூன்றாம் தளத்தில் குடியிருந்தோம். நான் ஆஸ்பத்திரி ஒன்றின் சலவைப் பகுதியில் வேலை செய்தேன். காலை ஆறு மணிக்குத் தொடங்கினால் இரண்டரைக்கு வீட்டுக்கு வந்துவிடலாம். மனைவி உடுப்புத் தொழிற்சாலையில் தையல் வேலை செய்தார். அவருடைய ஒரே தம்பி அந்த ஆண்டு எங்களிடம் வந்து சேர்ந்தார். நாற்பது வயதைத் தாண்டியவர், திருமணம் ஆகாதவர், அதிகம் பேசாதவர், பேசினால் அதில் ஒரு பகிடி இருக்கும். அகதியாக ஏற்கும்படி விண்ணப்பித்துவிட்டு எங்கள் முன்னறையில் படுத்துறங்கினார்.

ஊரில் அவரைப் பதினொரு மாதம் பிடித்து வைத்திருந்தார்கள். யார் பிடித்தார்கள், எந்த ஊரில் என்பவற்றை எழுதுவதைத் தவிர்க்கிறேன். எங்கள் ஆட்கள் சிலர் இன்னும் அங்கே இருக்கிறார்கள். வைத்திருந்த இடம் ஒரு வீடு என்பதைச் சொல்லலாம். ஒல்லாந்தர் காலத்துக் கல்வீடு. நாற்புறமும் அகழி, அகழியில் தண்ணீர், உள்ளே போய்வர ஒரே ஒரு பாலம். ஏதோ ஒரு துரை, கோட்டை கட்ட வசதியில்லாமல், வீட்டையே கோட்டைபோல் கட்டிக்கொண்டான் போலும். பிற்காலத்தில் அது பிடித்தவர்களை அடைத்து வைப்பதற்கு வசதியாகப் போயிற்று.

விசாரணையின் முதல் அமர்வு நடந்தபோது நான் வெளியே வாங்குப் பலகையில் அமர்ந்திருந்தேன். மைத்துனர் வெளியே வந்தபோது முகம் கறுத்திருந்தது. வீடு திரும்பும் பேருந்தில்தான் பேசினார்.

"அத்தான், அவ நான் சொன்னதை நம்பேல்லை."

"நம்பாமல் இல்லைத் தம்பி. விளங்கியிராது."

"விளங்காட்டில் பேந்து எங்க நம்புறது."

நடந்தது இதுதான். விண்ணப்பத்தில் 'முகாம்' என்று எழுதியிருந்தது. வாயால் கேட்டபோது மைத்துனர் 'தண்ணி சூழ்ந்த பழைய வீடு' என்று சொன்னார். விசாரித்த அம்மையார், உங்கள் நாட்டில் வீடுகளைச் சுற்றி அகழி வெட்டுவது வழக்கமா என்று கேட்டாராம். பின்னர் ஒரு தாளைக் கொடுத்து அந்த வீட்டை வரைந்து காட்டச் சொன்னாராம். மைத்துனர் கீறிக் கொடுத்தார். கீறிய வீடு ஒரு தீப்பெட்டிபோல இருந்ததாம், சுற்றிவரக் கீறிய அகழி வேலிபோல இருந்ததாம். மூன்று மாதம் கழித்து இரண்டாம் அமர்வு என்று நாள் குறித்தார்கள். அதற்குள் வீட்டின் தெளிவான வரைபடம் ஒன்றைத் தயாரித்துத் தரும்படி எங்கள் வழக்கறிஞர் கேட்டுக்கொண்டார். அந்த வீட்டில் இவர் இருந்தார் என்பதை அவர்கள் நம்பினால் இங்கே இருக்கலாம். நம்பாவிட்டால் திருப்பி அனுப்பப்படுவார். திருப்பி அனுப்பப்பட்டால் என்ன நடக்கும் என்று எங்கள் மூவரில் எவரும் வாய்விட்டுப் பேசியதில்லை.

வழக்கறிஞர் கேட்டது வரைபடம் மட்டுமே. மாதிரியாகவே செய்யலாம் என்று சொன்னவன் நான்.

அதற்குக் காரணம் இருந்தது. ஊரில் பதினாறு ஆண்டுகள் நான் ஒரு நில அளவையாளரிடம் சங்கிலி பிடித்தவன். அளக்கும் சங்கிலியின் மறு நுனியைப் பிடித்துக்கொண்டு வளவு வளவாக நடப்பதுதான் என் வேலை. ஆனாலும் நடந்து நடந்து வீடுகளைப் படித்துக்கொண்டேன். எந்த வளவில் கிணறு எங்கே, அடுப்படி எங்கே, வாசல் எந்தத் திசை என்பதெல்லாம் படலையைத் திறக்கும்போதே எனக்குத் தெரிந்துவிடும். அளவையாளர் ஐயா சில வேளைகளில் என்னிடமே கேட்பார். இந்த நாட்டில் நான் பத்து ஆண்டுகளாக ஆஸ்பத்திரிப் படுக்கை விரிப்புகளை மடித்துக்கொண்டிருந்தேன். எனக்குத் தெரிந்த ஒன்றை ஒருவரும் கேட்டதில்லை. இப்போது ஒரு விசாரணைச் சபையே கேட்கிறது என்று எனக்குப் பட்டது. இதை மறைக்காமல் எழுதுவது என் கடமை.

மனைவி முதல் நாளே சொன்னார்.

"கீறித் தரச் சொல்லித்தானே லோயர் கேட்டவர். வீடு கட்டச் சொன்னவரோ?"

"முதல் கீறினது தீப்பெட்டி மாதிரித்தானே வந்தது," என்றேன்.

"அக்கா, விடுங்கோ," என்றார் மைத்துனர். "அத்தான் கட்டட்டும். கனடாவில எனக்கெண்டு ஒரு வீடு வேண்டாமோ?"

அளவு எடுப்பதுதான் முதற் சிக்கல். மைத்துனருக்கு அடியும் தெரியாது, மீற்றரும் தெரியாது. கண்ணைக் கட்டியே நடத்தியிருக்கிறார்கள். எனினும் அவர் எண்ணியிருக்கிறார். பதினொரு மாதமும் போக்கிலும் வரத்திலும் காலடிகளை எண்ணியிருக்கிறார். பாலத்தின் மீது பதினொன்று. பாலம் முடிந்து வாசற்படி வரை ஆறு. உள்ளே நேரே இருபத்தேழு. பிறகு வலப்பக்கம் ஒன்பது. அங்கே அவருடைய அறை.

எங்கள் கட்டடத்தின் நீண்ட நடைவழியிலே அவரைக் கண்ணை மூடி நடக்கச் சொன்னேன். மனைவியின் தையல் நாடாவைக் கையில் வைத்துக்கொண்டு, அவர் நின்ற இடத்தில் சோக்கினால் கோடு கிழித்து அளந்தேன். ஒவ்வொன்றையும் மூன்று தரம் நடக்கவைத்துச் சராசரி எடுத்தேன். இரண்டாம் நாள், கட்டடத்தைப் பராமரிப்பவர் படியேறி வந்து, தரைவிரிப்பில் கிடந்த வெள்ளைக் கோடுகளையும், கண்ணை மூடிக்கொண்டு தன்னை நோக்கி வந்த மனிதரையும் பார்த்துவிட்டு வந்த வழியே கீழே போனார்.

"இனி எங்களை வீட்டால எழுப்பப்போறான்," என்றார் மனைவி.

"ஏன், வாடகை குடுத்துத்தானே நடக்கிறம்," என்றார் அவர் தம்பி.

ஒருநாள், இருபத்தேழு நடந்து வலப்பக்கம் திரும்பியவர், ஒன்பதாம் அடி வைத்ததும் அப்படியே நின்றார். கண்ணைத் திறக்கவில்லை. நான் அளந்து முடித்து, "சரி தம்பி," என்றேன். அதற்குப் பிறகும் நின்றார். அந்த அறையில் என்ன நடந்தது என்று நான் கேட்கவில்லை. அன்றும் கேட்கவில்லை, பிறகும் கேட்கவில்லை. நீள அகலங்களை மட்டுமே கேட்டேன். அது நாகரிகம் என்று அப்போது நினைத்தேன்.

ஓர் அடிக்குக் கால் அங்குலம் என்று வைத்துக்கொண்டேன். மூன்றடிச் சதுர ஒட்டுப்பலகை ஒன்றை அடித்தளமாக்கினேன். சுவர்களுக்கு டொலர் கடையில் விற்கும் தடித்த வெண்மட்டை. ஒல்லாந்தர் சுவரின் சுண்ணாம்புச் சாந்து சொரசொரப்பாக இருக்கும் என்பதனால், பசை பூசி அதன்மேல் ரவையைத் தூவினேன். காய்ந்தபின் வெள்ளை அடித்தபோது அசலாகவே இருந்தது. மூலையில் உள்ள தெப்பனர் என்னும் சிறு பலசரக்குக் கடையில் வாழைப்பழம் வந்த பெட்டிகளைக் கேட்டு வாங்கி, மேல் தாளை உரித்து, உள்ளே நெளிந்திருக்கும் மட்டையைச் சிவப்பாக்கிக் கூரைக்கு ஓடு போட்டேன். அகழிக்குப் பலகையைச் சுற்றிவர ஒரு வாய்க்காலாக விட்டு, கறுப்பு மையின்மேல் மினுக்கு எண்ணெய் மூன்று தடவை பூசினேன். பாலம் ஐஸ்கிறீம் குச்சிகளால் ஆனது.

வேலையால் வந்து சோறு சாப்பிட்டுவிட்டு உட்காருவேன். மார்கழி, தை மாதங்களில் இங்கே நாலரைக்கே இருண்டுவிடும். இருண்டபின் மட்டையை வெட்டினால் கோணும் என்பதால், தினமும் கிடைத்தது ஒன்றரை மணி நேர வெளிச்சம். மைத்துனர் எதிரே இருந்து வெங்காயம் உரித்துக்கொண்டே பார்த்துக்கொண்டிருப்பார்.

"அத்தான், அகழிக்குள்ள மீன் விடேல்லையோ?"

"இருந்ததோ?"

"இருந்தது. அவங்கள் பிடிச்சுப் பொரிப்பாங்கள். எங்களுக்கு மணம் மட்டும் வரும்."

எல்லாம் முடிந்து கிணறு ஒன்றுதான் மிச்சமாக இருந்தது. தையல் நூல் வரும் கட்டையை நறுக்கி, அதற்கும் ரவை பூசிக் கிணற்றுக்கட்டு செய்து வைத்திருந்தேன். எங்கே ஒட்டுவது என்று கேட்டேன். மைத்துனர் எழுந்து வந்து, தன் அறைச் சன்னலுக்கு நேரே, அகழி ஓரமாக விரலை வைத்தார்.

நான் சிரித்தேன். பாலத்தால் உள்ளே வரும்போது காலை வெயில் இடக் கன்னத்தில் சுடும் என்று அவர் சொன்னதை வைத்துத் திசை குறித்திருந்தேன். அவர் காட்டியது தென்மேற்கு.

எங்கள் பக்கத்தில் கிணறு வடகிழக்கில்தான் வெட்டுவார்கள் என்பது வாசிப்பவர்களுக்குத் தெரிந்திருக்கும். ஈசான மூலை என்போம். தென்மேற்கைக் கன்னி மூலை என்போம். அங்கே ஒரு பிடி மண்கூடத் தோண்டமாட்டார்கள், தோண்டினால் குடி அழியும் என்பார்கள். பதினாறு ஆண்டுகள் சங்கிலி பிடித்த எந்த வளவிலும் கன்னி மூலையில் நான் கிணற்றைக் கண்டதில்லை.

"தம்பி, அது கன்னி மூலை. அங்க ஆரும் கிணறு வெட்டுவினமோ?"

"எனக்கு மூலை தெரியாது அத்தான். சன்னலால பாத்தால் கிணறு தெரியும்."

"நீர் வடிவா யோசிச்சுப் பாரும். குளிக்கக் கூட்டிக்கொண்டு போகேக்க கண்டிருப்பீர். அதைச் சன்னலால கண்டதெண்டு நினைக்கிறீர். அந்த நிலைமையில இருந்த ஆளுக்கு முன்னுக்குப் பின் மாறிறது சகசம்."

அவர் கட்டையைக் கையில் எடுத்து உருட்டிப் பார்த்தார்.

"பின்னேரத்தில முகத்தில வெய்யில் அடிக்கும்," என்றார் மெதுவாக. "அதுக்குள்ளால பாப்பன். வாளி ஏறும்."

"வெய்யில் எந்தப் பக்கத்தாலும் அடிக்கும்."

அடுப்படியிலிருந்து மனைவி குரல் கொடுத்தார். "அவன் கண்டதெண்டு சொல்லுறான். ஒல்லாந்தன் என்ன சாத்திரியாரைக் கேட்டே வீடு கட்டினவன்?"

"வெட்டினது எங்கட ஆக்கள்தானே. கூலிக்கு வெட்டினவன் இடம் காட்டியிருப்பான்," என்றேன். இந்தப் பதில் எனக்கு மிகவும் பொருத்தமாகப் பட்டது. அதை நானே மெச்சிக்கொண்டேன்.

மைத்துனர் கட்டையை என் உள்ளங்கையில் வைத்தார்.

"நீங்கள் எத்தினை வளவு அளந்தனீங்கள். உங்களுக்குத் தெரியாததோ அத்தான்."

வடகிழக்கில் ஒட்டினேன்.

ஒரு மனிதர் பதினொரு மாதம் பார்த்ததை நான் ஒரு நிமிடத்தில் அவரிடமிருந்து வாங்கிக்கொண்டேன். அவர் கொடுத்துவிட்டார், ஏனென்றால் நான் அவருடைய அத்தான். என் வீட்டில் படுத்து என் சோற்றைச் சாப்பிடுகிறவர். எங்கள் மரபில் அக்காவின் புருசனை ஒருவர் எதிர்த்துப் பேசுவதில்லை. அந்த மரபு அவரைத் தடுத்தது என்பதை நான் அப்போது உணரவில்லை. அவருக்குச் சரியென்று பட்டுவிட்டது என்றே எண்ணினேன்.

இரண்டாம் அமர்வுக்கு மாதிரியைப் படுக்கை விரிப்பால் மூடி, ஆளுக்கொரு பக்கமாகப் பிடித்துக்கொண்டு மெட்ரோவில் போனோம். வாடகைக் காரின் பின்பெட்டிக்குள் அது அடங்கவில்லை. முதல் நாள் பெய்த பனி நடைபாதையில் இறுகிக் கிடந்தது. அடி அடியாக வைத்து நடந்தோம். ரயிலில் எதிரே இருந்த ஒரு வயதான அம்மா விரிப்பின் ஓரத்தைத் தூக்கிப் பார்த்துவிட்டு, பிரெஞ்சில், இது கோட்டையா என்று கேட்டார்.

"ஓமெண்டு சொல்லுங்கோ அத்தான்," என்றார் மைத்துனர். "எனக்குச் சீதனமாத் தந்த வீடெண்டும் சொல்லுங்கோ."

மாதிரியைச் சுமந்து வந்தவன் என்பதால் என்னையும் உள்ளே இருக்க அனுமதித்தார்கள். சிறிய அறை, சன்னல் இல்லை. விசாரித்த அம்மையார் எழுந்து வந்து மாதிரியை நான்கு பக்கமும் சுற்றிப் பார்த்தார். கூரையைத் தூக்கி எடுக்கலாம் என்று வழக்கறிஞர் காட்டியபோது உள்ளே அறைகளையும் பார்த்தார். அவருடைய முகம் இளகியது. அதை நான் கண்டேன். ஒருகணம் நாங்கள் வென்றுவிட்டோம் என்றுகூட நினைத்தேன்.

மொழிபெயர்ப்பாளர் தமிழ்நாட்டிலிருந்து படிக்க வந்து இங்கேயே தங்கிவிட்ட ஒரு பெண். அவர் மூலம் கேள்விகள் வந்தன. உங்கள் அறை எது? மைத்துனர் காட்டினார். சன்னல் எது? காட்டினார். அம்மையார் தம் மேசைக்குத் திரும்பி முதல் அமர்வின் தாள்களைப் புரட்டினார்.

"போன தடவை நீங்க சொன்னது," என்று மொழிபெயர்ப்பாளர் சொன்னார், "தினமும் சாயங்காலம் சன்னல் வழியா கிணத்தடில அவங்க குளிக்கறத பாப்பேன், வெயில் கண்ணுல அடிக்கும்னு. இப்ப இந்த மாடல்ல, உங்க சன்னல்லேர்ந்து கிணறு எப்படித் தெரியும்னு கேக்கறாங்க."

தெரியாது. அறை ஒரு மூலையில், கிணறு அதற்கு எதிர் மூலையில். இடையில் நான் ரவை பூசி வெள்ளையடித்த முழு வீடும் நின்றது. சன்னல் கதையை அவர் முதல் நாளே சபையில் சொல்லியிருந்தார் என்பதை அந்தக் கணத்தில்தான் நான் அறிந்தேன்.

மைத்துனர் மாதிரியைப் பார்த்தார். பிறகு திரும்பி என்னைப் பார்த்தார்.

"கிணறு எங்க இருந்துச்சுன்னு இதைச் செஞ்சவருக்கு யார் சொன்னாங்கன்னு கேக்கறாங்க."

"நான்தான் சொன்னனான்," என்றார் மைத்துனர்.

நான் எழுந்துவிட்டேன். "இல்லை அம்மா, பிழை என்ர. அவர் மற்றப் பக்கம்தான் காட்டினவர்."

"சார், உக்காருங்க. நீங்களா பேசக்கூடாது," என்றார் மொழிபெயர்ப்பாளர் தாழ்ந்த குரலில்.

வழக்கறிஞர் சிறிது இடைவேளை கேட்டு வாங்கினார். வெளியே நடையில் நின்று, எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் நடந்ததைச் சொன்னேன். சாத்திரம், ஈசானம், கன்னி மூலை எல்லாவற்றையும் சொன்னேன். அவர் நெற்றியைத் தடவிக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தார். உள்ளே போய் என்னைச் சாட்சியாகப் பேச அனுமதிக்கும்படி விண்ணப்பித்தார். அனுமதித்தார்கள். நான் சத்தியம் செய்து, கிணற்றை இடம் மாற்றியவன் நானே, அவர் காட்டியது தென்மேற்கு என்று சொன்னேன்.

அம்மையார் பொறுமையாகக் கேட்டார். பிறகு ஒரே ஒரு கேள்வி கேட்டார். மொழிபெயர்ப்பாளர் என் முகத்தைப் பாராமல் சொன்னார்.

"அப்போ, கொஞ்ச நேரம் முன்னாடி அவர் சத்தியம் பண்ணிட்டு 'நான்தான் சொன்னேன்'னு சொன்னது பொய்யான்னு கேக்கறாங்க."

"பொய் இல்லை," என்றேன். "மரியாதைக்குச் சொன்னது."

அந்தப் பெண் சற்றுத் தயங்கினார். நான் சொன்னதை ஆங்கிலத்தில் சொன்னார். அம்மையார் அதை எழுதிக்கொண்டார். அந்த வசனம் தாளில் ஏறியபோது வேறொன்றாக மாறிப்போவதை நான் பார்த்துக்கொண்டே இருந்தேன்.

திரும்பி வரும்போது மெட்ரோவில் நெரிசல். மாதிரியைக் காலுக்கிடையில் சரித்துப் பிடித்துக்கொண்டு நின்றோம்.

"ஏன் தம்பி அப்பிடிச் சொன்னனீர்?"

"வேற என்னெண்டு சொல்லுறது? அத்தனை பேருக்கு முன்னால, அத்தான் பிழை விட்டிட்டார் எண்டோ?"

"சொல்லியிருக்கலாம்."

"நீங்கள் மூண்டு மாசம் இருந்து செய்தனீங்கள்," என்றார் அவர்.

ஆறு வாரம் கழித்துத் தீர்ப்பு வந்தது. வழக்கறிஞர் தம் அலுவலகத்தில் வைத்து வாசித்து விளக்கினார். கோரிக்கையாளரின் வாக்குமூலத்துக்கும் அவரே கொண்டுவந்த மாதிரிக்கும் முக்கியமான முரண்பாடு உண்டு. முரண்பாட்டுக்குத் தந்த விளக்கம் ஏற்கத்தக்கதன்று. அம்மாதிரி, அவர் அவ்வீட்டில் ஒருபோதும் இருந்ததில்லை என்பதையே காட்டுகிறது. அந்தக் கடைசி வசனத்தைத் திரும்ப வாசிக்கும்படி கேட்டேன். வழக்கறிஞர் திரும்ப வாசித்தார். நான் கையால் செய்த பொருள் அதைக் காட்டுகிறதாம்.

நகரத்தின் நடுவிலுள்ள பெரிய நூலகம் ஒன்றுக்கு அதன் பிறகுதான் போனேன். முன்னர் ஏன் போகவில்லை என்று கேட்பீர்கள். ஒரு புத்தகத்தில் இருக்கக்கூடும் என்று தோன்றவேயில்லை. எனக்குத் தெரியும் என்று இருந்துவிட்டேன். புத்தகங்களாலேயே வளர்ந்தவன் செய்த காரியம் இது. நாலு சனிக்கிழமைகள் தேடினேன். ஒல்லாந்தர் கட்டடங்களைப் பற்றிய, அவர்கள் மொழியிலேயே எழுதப்பட்ட ஒரு பெரிய நூலை நூலகத்தார் களஞ்சியத்திலிருந்து எடுத்துத் தந்தார்கள். மொழி விளங்கவில்லை. வரைபடம் விளங்கியது. அகழி, பாலம், வாசல், நேரே நடை, பின்புறத்தில் மேற்குச் சன்னல் உள்ள அறை. திசை காட்டும் அம்பு இருந்தது. தென்மேற்கு மூலையில், அகழி ஓரமாக, ஒரு சிறு வட்டம்.

கையோடு கொண்டுபோயிருந்த நாடாவை வைத்து அளந்தேன். மைத்துனரின் காலடிக் கணக்கு பாலத்தில் ஒன்றரை அடியால் பிசகியது. நடையில் இரண்டு அடி. அவ்வளவுதான். கண்ணைக் கட்டி நடத்தப்பட்ட ஒரு மனிதர் அந்த வீட்டைச் சங்கிலி பிடித்த எவனையும்விடச் சரியாக அளந்திருந்தார். அவர் தந்த எந்த அளவிலும் அதற்கு மேல் பிசகில்லை. பிழை என்று இருந்தது நான் திருத்திய இடம் ஒன்றே.

படத்தைப் பிரதியெடுத்து வழக்கறிஞரிடம் கொடுத்தேன். நாடு கடத்துவதற்கு முன் ஆபத்தை மதிப்பிடும் விண்ணப்பம் ஒன்று உண்டு. அதனுடன் சேர்த்து அனுப்பினார். பதில் வந்தது. அந்த நூல் பல காலமாகவே நூலகத்தில் இருக்கிறது. விசாரணைக்கு முன்பே சமர்ப்பித்திருக்கலாம். ஆகவே இது புதிய சான்று ஆகாது. தவிரவும், ஒரு நூலில் வெளிவந்த வரைபடத்தைப் பார்த்து எவரும் அவ்வீட்டை விவரிக்கலாம். இரண்டும் தர்க்கப்படி சரியான வசனங்கள். நான் பலமுறை வாசித்து எங்காவது ஓட்டை இருக்கிறதா என்று தேடினேன்.

அடுத்த ஆண்டு, வசந்தம் தொடங்கிய ஒரு முற்பகலில் அவரை விமான நிலையத்தில் விட்டோம். ஒரு கைப்பெட்டி மாத்திரம். அதிகாரி ஒருவர் சற்றுத் தள்ளி நின்று கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். மனைவி தம்பியின் கோட்டுப் பொத்தானைப் பூட்டுவதும் கழற்றுவதுமாக இருந்தார்.

"அக்கா, அங்க இது தேவைப்படாது. வெக்கை," என்றார் அவர். கோட்டைக் கழற்றி அக்காவின் கையில் கொடுத்தார். பிறகு என்னிடம் திரும்பினார்.

"அத்தான், அந்தப் புத்தகத்தில கிணறு எந்தப் பக்கம் இருந்தது?"

அதுவரை நான் அவருக்கு அதைச் சொல்லவில்லை. சொல்ல வாய் வரவில்லை.

"நீர் சொன்ன பக்கம்தான்."

"ம்," என்றார். கைப்பெட்டியைத் தூக்கிக்கொண்டு, "எனக்கும் இடையில ஐமிச்சம் வந்திட்டுது, நான் கண்டது சரியோ எண்டு," என்றார். அவர் முகம் தெளிந்ததுபோல இருந்தது. அல்லது நான் அப்படி நினைக்க விரும்பினேன்.

போய்ச் சேர்ந்து இரண்டு முறை தொலைபேசியில் பேசினார். இரண்டாம் முறை, வேறு ஊருக்கு மாறப்போவதாகவும் பிறகு எடுப்பதாகவும் சொன்னார். அதன்பின் ஓர் உறவுக்காரர் எடுத்தார். ஒரு காலை நேரம் வாகனத்தில் வந்தவர்கள் அவரைக் கேட்டு வந்ததாகவும், அவர் உடுப்பு மாற்றிக்கொண்டு அவர்களோடு போனதாகவும் சொன்னார். அதற்குப் பிறகு எந்தத் தகவலும் இல்லை. விசாரித்துக் கடிதம் எழுதக்கூடிய இடங்களுக்கெல்லாம் எழுதினோம். பெற்றுக்கொண்டோம் என்று சில இடங்களிலிருந்து பதில் வந்தது.

மாதிரி எங்கள் முன்னறையில், அவர் படுத்த இடத்துக்குப் பக்கத்தில், சுவரில் சாய்ந்து கிடந்தது. அடுத்த கோடையில் அதன் சுவர்களில் பூச்சி பிடித்தது. ரவைக்குள் சிறு வண்டுகள் புகுந்து அரிசிப் பானைக்கும் பரவின. கிணற்றைப் பெயர்த்துச் சரியான இடத்தில் ஒட்டலாமா என்று ஒருநாள் நினைத்தேன். இனி அதனால் யாருக்கு என்ன என்று விட்டுவிட்டேன். குப்பை எடுக்கும் நாளில் கீழே கொண்டுபோய் வைத்தேன்.

மனைவி என்னைக் குற்றம் சொன்னதில்லை. ஒரே ஒரு முறை, வேலையால் வந்து சப்பாத்தைக் கழற்றிக்கொண்டிருந்தபோது, "அவன் சொன்னதைச் செய்திருந்தாப் போதும்," என்றார். இப்போதும் நாங்கள் ஒன்றாகவே சாப்பிடுகிறோம், ஒன்றாகவே கடைக்குப் போகிறோம். தொலைபேசி அடித்தால் இருவரும் ஒருவரையொருவர் பார்க்காமல் எழுந்து போவோம்.

நான் இதை எழுதுவது அவர் திரும்பி வருவார் என்ற நம்பிக்கையினால் அன்று. எழுதினால் என் மனம் ஆறும் என்பதும் இல்லை. எழுதிப் பார்த்தேன், ஆறவில்லை. காரணம் வேறு. இன்றைக்கு இந்த உலகத்தில் என் மைத்துனரைப் பற்றி முத்திரையிட்ட தாள் ஒன்றுதான் இருக்கிறது. அந்தத் தாள் அவர் பொய் சொன்னார் என்கிறது. நானும் என் மனைவியும் போய்விட்டால் அதை மறுக்க ஒருவரும் இல்லை.

ஆகையால் அவர் சொன்னவற்றை இங்கே பதிகிறேன். அவர் அந்த வீட்டில் பதினொரு மாதம் இருந்தார். பாலத்தில் பதினொரு காலடி. வாசற்படிக்கு ஆறு. உள்ளே இருபத்தேழு, வலப்பக்கம் ஒன்பது. சன்னல் மேற்குப் பக்கம். கிணறு தென்மேற்கு மூலையில், அகழி ஓரம். அவர் சொன்ன எல்லாம் உண்மை. மாதிரியில் இருந்த பிழை என்னுடையது.

இந்தத் தாள்களை எறிந்துவிடாமல் எங்கேனும் ஓரிடத்தில் வைத்திருக்கும்படி தாழ்மையுடன் கேட்டுக்கொள்கிறேன்.